மேல்மாடி ஐம்பது கெஜம்

பேச்சியம்மாவுக்கு முகங்கள் மறந்துபோகும். கால்கள் மறக்காது.

மழை நாளில் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு பத்துப் பெண்கள் மலையிறங்கி வருவார்கள். முகம் தெரியாது. பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றபடி அவள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லுவாள்.

"மூணாவதா வர்றது நாகலெட்சுமி. குதிங்கால அழுத்தி நடக்கிறா. முழுகாம இருக்கா போல."

"ஒனக்கு எப்பிடிடி தெரியும்? அவளே இன்னும் யாருக்கும் சொல்லல," என்பாள் பக்கத்தில் நிற்பவள்.

"காலு சொல்லிருச்சு."

இலங்கையில், கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைக் கட்டி முடித்தது 1948இல். கொழுந்துக்குப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை விட்டுப்போகும் ஒற்றை அறை. சிமெந்துத் தரை, சேலைத் தொட்டில்கள், பால்மா கரைக்க ஓர் அடுப்பு, பச்சை வர்ணம் பூசிய கதவு. ஆயாவாகச் சேர்ந்தபோது பேச்சியம்மாவுக்கு இருபது வயது. குடியுரிமைச் சட்டம் வந்த அந்த வருஷம் யார் இந்த நாட்டுக்காரர், யார் இல்லை என்று தொழிலாளர் லயங்களில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டே குழந்தைகளைக் குளிப்பாட்டித் தரையில் விட்டாள். ஈரப் பாதங்கள் சிமெந்தில் பதிந்தன. குளிரில் அவை மெதுவாகத்தான் காய்ந்தன. காயும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்று பெருவிரலை ஊன்றும். ஒன்று பாதத்தின் வெளியோரத்தால் நடக்கும். ஒன்று இடது காலை வைக்கவேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் முன்னே வைக்கும். எல்லாம் அந்தத் தரையில் எழுதி அழிந்தது. அவளுக்குள் அழியவில்லை.

காளியாயியின் மகள் பூரணி தவழவே இல்லை. பதினாலு மாதம் உட்கார்ந்தே நகர்ந்தாள். காளியாயி முருகன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். ஒரு நாள், தாய்மார் பால் கொடுக்க வரும் நேரம், கதவு திறந்தது. பனியும் வெளிச்சமும் ஒன்றாக உள்ளே வந்தன. காளியாயி கூடையோடு நிலையில் நின்றாள். குளித்த ஈரம் காயாத பூரணி தரையில் கை ஊன்றி எழுந்தாள். நடக்கவில்லை, ஓடினாள். முன்பாதம் மட்டும் தரையில் பட்டது. பேச்சியம்மா எண்ணினாள். எட்டு அடி.

"பாத்தியா," என்றாள் காளியாயி, அழுதுகொண்டே. "முருகன் கண்ணத் தொறந்துட்டான்."

பேச்சியம்மா காய்ந்துகொண்டிருந்த எட்டுத் தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பாதத்தை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

*

தோட்டத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் வென்றவர்களை லொறியில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே மற்றத் தோட்டங்களோடு ஓட்டம். ஓடப் பழக்குவது தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் பொறுப்பு. அவரிடம் ஒரு விசில் இருந்தது. "வேகமா, வேகமா" என்பதைத் தவிர ஓட்டத்தைப் பற்றி அவருக்கு வேறொன்றும் தெரியாது.

மலையில் பிறந்தவர்களுக்குச் சமதரை பழக்கமில்லாத இடம். ஏறும்போது முன்னே குனிவதும், இறங்கும்போது குதிங்காலை ஊன்றி உடம்பைப் பிடித்து நிறுத்துவதும் அவர்கள் எலும்பிலேயே இருந்தன. சமதரையில் ஓடச் சொன்னால் உடம்பு குழம்பிவிடும். மேல்பாதி குனிந்திருக்கும், கீழ்ப்பாதி குதிங்காலை ஊன்றும். ஏறிக்கொண்டே இறங்குவதுபோல ஓடுவார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இன்னொன்றும் இருந்தது. கூடைக்கயிறு தலையில் அழுத்தி அழுத்தி, கூடை இல்லாத வேளையிலும் கழுத்து விறைத்தே நின்றது.

ஒரு வருஷம், கடைசியாக வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் பேச்சியம்மா போனாள்.

"கூடையக் கழட்டிட்டு ஓடு புள்ள."

"எங்கிட்டக் கூடை எங்க இருக்கு ஆயம்மா?"

"கழுத்துல இருக்கு."

அந்தப் பெண் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அடுத்த வருஷம் அவள் மூன்றாவதாக வந்தாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர், நான்கு பேர் என்று பிள்ளைக்காம்பராவைத் தேடி வந்தார்கள். அவர்களில் பலர் அவள் கையில் நடை பழகியவர்கள். ஓடிக் காட்டுவார்கள். அவள் பார்ப்பாள். "ஒன் வலது தோள் தூங்குது, எழுப்பு" என்பாள். "நீ ஒரு வயசுலயே எடது கால வெளிய வீசுவ, இன்னும் வீசுற" என்பாள். ஒரு வருஷம் முழுக்க ஒருத்தியின் ஒரே ஒரு கால்விரலைத் திருத்தினாள்.

இடம்தான் இல்லை. தோட்டத்தில் இருபது அடி சமதரை எங்கே இருந்தாலும் அங்கே ஒரு லயத்தைக் கட்டியிருந்தார்கள். பாதை முழுக்க வளைவும் மேடும். பள்ளிக்கூட முற்றத்தில் ஓடத் தொடங்கினால் பதினைந்தாவது அடியில் வேலி.

அவள் புருஷன் ஆண்டியப்பனுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே எல்லாரும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதன் மேல்மாடியில் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாடவிடுவார்கள். அடுக்கடுக்காகத் தட்டுகள், நடுவே நீளமான ஒரு நடை. ஞாயிறு மத்தியானத்துக்குள் கொழுந்தெல்லாம் கீழே இறங்கிவிடும். மாடி வெறுமையாகக் கிடக்கும்.

"அங்க ஓட விடுறாங்களான்னு டீமேக்கர் ஐயாகிட்டக் கேளுங்க," என்றாள் பேச்சியம்மா.

"ஓடுறதுக்கா? நான் பன்னெண்டு வருஷமா அதுல மேலயும் கீழயும் நடக்கிறேன். எனக்கு ஒரு கப் குடுத்தாங்களா?"

"நீங்க நடக்கிறதப் பாத்துட்டுத்தான் கலியாணமே வேணாம்னு சொன்னேன். எங்கப்பா கேக்கல."

ஆண்டியப்பன் சிரித்துக்கொண்டே போய்க் கேட்டான். ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா நல்ல மனிதர். பலகையில் மண் இருக்கக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது, பின்கதவைத் தொடவே கூடாது என்றார். பனி உள்ளே வந்தால் சாக்கு ஈரமாகும். ஈரச் சாக்கில் பரப்பிய கொழுந்து வாடாது, வேகும். மற்றபடி ஓடலாம்.

*

அந்த மாடியில் ஓடியவர்கள் பிற்காலத்தில் அதைச் சொப்பனம்போலச் சொன்னார்கள்.

ஜன்னல் கண்ணாடிகளில் பனி ஒட்டியிருக்கும். வெளிச்சம் வெள்ளையாக, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் வரும். இரண்டு பக்கமும் சாக்குத் தட்டுகள் கூரைவரை. வாடிய இலையின் இனிப்பு வாசம் மரத்தில் ஊறியிருக்கும். வெறுங்காலுக்குக் கீழே பலகை கொஞ்சம் அமுங்கி, கொஞ்சம் தள்ளும். ஓடும்போது தன் மூச்சு தனக்கு முன்னே போய்ச் சுவரில் மோதித் திரும்புவது கேட்கும்.

பேச்சியம்மா ஒரு தகரத் தட்டில் தண்ணீர் வைப்பாள். அதில் காலை நனைத்துக்கொண்டு ஓடவேண்டும். பிறகு தடங்களின் ஓரமாகக் குனிந்தபடி அந்த ஐம்பது கெஜ நடையில் பாதித் தூரம் நடப்பாள். குதிங்கால் பதிந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி.

"இந்த எடத்துல இறங்குன. ஏன்? இங்க என்ன பள்ளமா இருக்கு?"

"தெரியல ஆயம்மா."

"மலை இன்னும் காலுக்குள்ள கெடக்கு. திரும்ப ஓடு."

நடை குறுகலானது. முழங்கையை அகட்டினால் தட்டில் இடிக்கும். ஒரு மாதத்தில் எல்லோருடைய முழங்கைகளும் தாமாக உள்ளே வந்தன. கைகளை முறுக்கி ஓடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கொழுந்து கொடுத்தாள், இரண்டு இலையும் மொட்டுமாக. விரலிடையில் பிடித்து ஓடவேண்டும், இலை நசுங்கக்கூடாது. அது எப்படி என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கை இளகியது. கையோடு தோள் இளகியது. தோளோடு கழுத்து.

1962இல் பூரணி மேல்மாடிக்கு வந்தாள். வயது பதினாலு. பேர் பதிந்து கொழுந்துக்குப் போகத் தொடங்கி மூன்று மாதம்.

"நனைச்சுட்டு ஓடு," என்றாள் பேச்சியம்மா.

பூரணி ஓடினாள். பேச்சியம்மா சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு குனிந்தாள். பாதி நடைவரை அதைத் தரையில் வைக்கவே இல்லை. முன்பாதம் மட்டும், ஒன்றன் முன் ஒன்றாக, ஊசியில் கோத்ததுபோல. அந்த எட்டுத் தடங்கள் வளர்ந்து வந்திருந்தன.

*

1963 பங்குனியில் நுவரெலியா மைதானத்தில் நூறு கெஜ ஓட்டம். எட்டுத் தோட்டத்துப் பெண்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது.

விசில் ஒலித்தது. பூரணி எல்லோரையும் விட்டு விலகினாள். மற்றவர்கள் தரையோடு சண்டை போட்டார்கள். இவள் தரையைத் தொட்டுத் தொட்டு விட்டுவிட்டுப் போனாள். பார்த்தவர்களுக்கு ஒரு கணம் சத்தமே நின்றுபோனது. நாற்பது கெஜத்தில் மூன்று ஆள் தூரம் முன்னால் இருந்தாள்.

பிறகு தோள்கள் பின்னே சாய்ந்தன. குதிங்கால் இறங்கியது. யாரோ மார்பில் கை வைத்துத் தடுத்ததுபோல வேகம் அறுந்தது. மீண்டும் ஓடப் பார்த்தாள். அதற்குள் ஒவ்வொருத்தியாக அவளைக் கடந்தார்கள். ஏழாவதாக வந்தாள்.

"கால் புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

"இல்ல ஆயம்மா. என்னாச்சுன்னு தெரியல. நிக்கணும்போல இருந்துச்சு."

லொறிப் பக்கத்தில் பழனியாண்டி கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு நின்றார். தோட்டத்தில் யாருக்காவது பட்டப்பேர் வைப்பதென்றால் அது அவர் வாயிலிருந்துதான் வரும்.

"ரோட்டுல முழுசா ஒரு லொறி வந்துச்சு, அரைவாசியா ஒரு ஆளு திரும்பப் போகுது. ஏ அரைவாசி, ஏறு ஏறு."

லொறி முழுக்கச் சிரித்தது.

லயத்தில் விழுந்த பேர் எளிதில் எழுந்து போகாது. ஒரு காலத்தில் நானுஓயாவில் ரயிலைத் தவறவிட்ட ஒருவர் சாகும்வரை நானுஓயா என்றே அழைக்கப்பட்டார். அவர் பேரனுக்கும் அதே பேர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பூரணியை அரைவாசி என்று கூப்பிட்டார்கள். மலையில் ஒரு செடிவரிசையை அவள் பறித்து முடிப்பதற்குள், "அரைவாசிதான் பறிப்பா, மிச்சத்த நீ பறி" என்றார்கள். யாருக்கும் கோபம் இல்லை. பேர் நன்றாகப் பொருந்தியிருந்தது, அவ்வளவுதான். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். பேச்சியம்மாவைப் பயமுறுத்தியது அதுதான். இன்னொரு வருஷம் போனால் பூரணி என்ற பேர் தோட்டத்தின் பேர்ப்பதிவுச் செக்ரோலில் மட்டும் இருக்கும்.

பூரணி மேல்மாடிக்கு வருவதை நிறுத்தினாள். ஆடி மாதம் ஒரு ஞாயிறு பேச்சியம்மாவே போய் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"ஒரே ஒரு தடவ ஓடு. ஒனக்காக இல்ல. எனக்கு ஒண்ணு பாக்கணும்."

பூரணி காலை நனைத்துக்கொண்டு ஓடினாள். பேச்சியம்மா இந்தத் தடவை நடையின் கடைசியிலிருந்து குனிந்தாள். ஒருபோதும் அவள் அங்கே பார்த்ததில்லை. அழகான தடங்களையே பார்த்துப் பழகியிருந்தாள். சுவருக்குப் பத்து கெஜம் முன்னால், நாற்பதாவது கெஜத்தில், குதிங்கால் பதிந்திருந்தது. ஒவ்வொரு தடத்திலும் ஆழமாக. அதற்கப்பால் சுவரில், இடுப்புயரத்தில், கைகளின் அழுக்கு. பல ஞாயிறுகளின் கைகள். அவளிடம் பழகிய எல்லோரும் கை நீட்டித் தொட்டு நின்ற இடம். மற்றவர்கள் நாற்பது கெஜத்தில் அவ்வளவு வேகம் எடுக்கவில்லை, அதனால் அவர்கள் வேகம் குறைத்தது வெளியே தெரியவில்லை.

அவள் சுண்ணாம்பைக் கீழே வைத்தாள்.

"தப்பு ஒன்னோடது இல்ல புள்ள. நான் ஓட்டத்தோட சொவத்தையும் சேத்துச் சொல்லிக் குடுத்துட்டேன்."

பூரணி சுவரைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"அப்ப அரைவாசின்னு ஒங்களத்தான் கூப்புடணும்."

"கூப்புடு. பரவால்ல."

*

தெரிந்துகொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஓடுவதற்கு வேறு இடம் இல்லை. இடம் ஐம்பது கெஜம்தான், அதன் முடிவில் சுவர்தான். "சொவத்த நெனைக்காத" என்று சொல்லிப் பார்த்தாள். நினைக்காதே என்று சொன்ன பிறகு பூரணி முப்பதாவது கெஜத்திலேயே நினைத்தாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, பிள்ளைக்காம்பராவில் ஒரு பையன் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்து நாளாக அப்படித்தான் நின்றான். பேச்சியம்மா எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கை நீட்டினாள். வரவில்லை. மணி அடித்தது. கதவு திறந்தது. அவன் தாய் நிலையில் நின்றாள், பின்னால் வெறும் பனி. பையன் கயிற்றை விட்டான்.

பேச்சியம்மா எண்ண மறந்துபோனாள். பதினைந்து வருஷமாக எத்தனை குழந்தைகள். சுவரைப் பார்த்து நடந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் கதவைப் பார்த்து.

அன்று சாயந்திரம் ஸ்டோருக்குப் போனாள்.

"பின்கதவா?" என்றார் டீமேக்கர் ஐயா. "அதத்தான தொடக்கூடாதுன்னு சொன்னேன்?"

"ஆமாங்கையா."

"பனி வந்தா என் கொழுந்து போகும். துரை என்னைய வேக வைப்பான்."

"பனி இல்லாத நாளாப் பாத்துத் தொறக்கிறேங்க. ஓடி முடிஞ்சதும் சாத்திருவேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"பனி இல்லாத நாளா? இங்கயா? சரி, கண்டுபுடிச்சா தொற."

மேல்மாடியின் பின்கதவு நடையின் கோடியில், அந்தச் சுவரின் நடுவில்தான் இருந்தது. அகலமான இரட்டைக் கதவு, சுவரின் நிறத்திலேயே சாயம், குறுக்கே இரும்புப் பட்டை. அதற்கப்பால் ஒரு பலகைப் பாலம், பாலத்துக்கப்பால் மலையைக் குடைந்த ஒற்றையடிப் பாதை. மேல்மலைக் கொழுந்துச் சாக்குகளைத் தூக்கி வரும் வழி. சாக்குச் சுமப்பவர்கள் விழுந்துவிடாதபடி அதை மட்டம் பார்த்து வெட்டியிருந்தார்கள். பாதை அறுபது கெஜம் நேராகப் போய்ப் பிறகு மேலே ஏறியது.

தை தொடங்கிப் பங்குனிப் போட்டிவரை பனி இல்லாத ஞாயிறு மத்தியானங்கள் நான்கே நான்கு கிடைத்தன.

முதல் ஞாயிறு கதவு திறந்திருந்தும் பூரணி நாற்பதில் நின்றாள். கால் கதவை நம்பவில்லை. இரண்டாவது ஞாயிறு கதவுவரை போய் நிலையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது ஞாயிறு பாலத்தில் குதிங்கால் பதிந்தது.

"அடுத்த வாரம் பனி வந்துரும்," என்றான் ஆண்டியப்பன். "விட்டுரு பேச்சி. பேருதான, ஒட்டிக்கிட்டே கெடக்கட்டும். என்னைய இருவது வருஷமாப் புளிமூட்டைங்கிறாங்க, நான் என்ன செத்தா போனேன்?"

"நீங்க புளிமூட்டைதான். அவ அரைவாசி இல்ல."

நான்காவது ஞாயிறு வானம் நீலமாக இருந்தது. பேச்சியம்மா தகரத் தட்டில் தண்ணீர் வைத்தாள். சுண்ணாம்பை ஆண்டியப்பனிடம் கொடுத்தாள். நடை முழுக்க நடந்து, கதவைக் கடந்து, பாலத்தைக் கடந்து, பாதை மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் போய்த் திரும்பி நின்றாள். அங்கிருந்து தடங்கள் தெரியாது. கால்களே தெரியாது. நீண்ட இருட்டின் கோடியில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது.

ஆண்டியப்பன் கை தட்டினான்.

வெள்ளை பெரிதாகியது. பலகையின் சத்தம் முதலில் வந்தது, மெதுவாக, ஒரே சீராக, யாரோ தூரத்தில் கொழுந்து உதிர்ப்பதுபோல. பிறகு இருட்டிலிருந்து ஒரு முகம் வந்தது. கதவு நிலைக்குள் வந்து வெயிலில் நனைந்தது. வாய் கொஞ்சம் திறந்து, கன்னங்கள் தளர்ந்து, தூக்கத்தில் சிரிக்கும் குழந்தையின் முகம். பாலம் ஒரு தடவை அதிர்ந்தது. முகம் நிற்கவில்லை. பேச்சியம்மா ஒதுங்க மறந்தாள். இரண்டு பேரும் தேயிலைச் செடிக்குள் விழுந்தார்கள்.

"கையில கொழுந்து நசுங்கிருச்சா?" என்றாள் பேச்சியம்மா, செடிக்குள் கிடந்தபடி.

பூரணி விரல்களை விரித்துக் காட்டினாள். இரண்டு இலையும் மொட்டும் அப்படியே இருந்தன.

பாலத்தில் தடங்களைப் பார்த்த ஆண்டியப்பன் சுண்ணாம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கதவைச் சாத்தும்போது மலை உச்சியில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

*

1964 பங்குனியில் லொறி மீண்டும் நுவரெலியாவுக்குப் போனது. மைதானத்தின் கோடியில் பனி வெள்ளைத் துணிபோலக் கிடந்தது. மற்றத் தோட்டத்தார் கயிற்றோரம் இடம் பிடித்தார்கள். பேச்சியம்மா முடிவுக் கோட்டையும் தாண்டி நடந்தாள். "எங்கடி போற, இங்க வா, இங்கதான் தெரியும்" என்று காளியாயி கத்தினாள். அவள் பனியின் விளிம்புவரை போய்த் திரும்பி நின்றாள்.

விசில் கேட்டது. சனத்தின் இரைச்சல் எழுந்து, நடுவில் தேய்ந்து, மறுபடி எழுந்தது. அவள் முகத்தை மட்டும் பார்த்தாள். அது நாற்பதைக் கடந்தது. ஐம்பதைக் கடந்தது. முடிவு நாடா எங்கே இருந்தது, யார் மார்பில் அறுந்தது என்று அவளுக்குத் தெரியாது. முகம் வந்துகொண்டே இருந்தது. இந்தத் தடவை ஒதுங்கிக்கொண்டாள். ஒரு காற்று அவளைத் தாண்டிப் பனிக்குள் போனது.

கொஞ்ச நேரம் வெள்ளை மட்டும் இருந்தது. புல்லில் காலடி கேட்டது, ஓடி, நடந்து, நின்று. பிறகு பூரணி பனிக்குள்ளிருந்து நடந்து வந்தாள். கழுத்து லேசாக இருந்தது.

"எத்தனாவது ஆயம்மா?"

பேச்சியம்மா யோசித்தாள்.

"நான் பாக்கல புள்ள. ஒன் மொகத்தத்தான் பாத்தேன்."

"மொகத்தயா? நீங்களா?"

"ஆமா."

இரண்டாவது என்று அவர்களுக்கு லொறிக்குப் போகும் வழியில்தான் தெரிந்தது. கிளாக்கர் ஐயா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தான் அப்போதே சொன்னதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பழனியாண்டி கங்காணி லொறியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"பூரணி," என்றார். "பனி எறங்குது. ஏறு புள்ள."